கருப்பு என்பதை நிறப்பட்டியலிலிருந்து நீக்கியவர்களுக்கு

அறிவியல் பாடநூல் எழுதும் ஆசிரியர்களுக்கும், அதைப் பார்த்து ஒப்புதல் தரும் குழுவினருக்கும், வினாத்தாள் தயாரிப்பவர்களுக்கும்,

வணக்கம்.

ஒளி பற்றிய பாடத்தில் ஒரு வரி எப்படியும் வந்துவிடுகிறது: “கருப்பு ஒரு நிறம் அன்று, அது ஒளி இல்லாத நிலை.” பாடத்தின் கடைசியில் அதற்கென ஒரு கேள்வியும் காத்திருக்கும். பின்வருவனவற்றுள் நிறம் அல்லாதது எது? சிவப்பு, பச்சை, நீலம், கருப்பு. வண்ணப் பென்சில் பெட்டியில் கருப்பையும் சேர்த்து எண்ணிப் பழகிய பிள்ளை கொஞ்ச நேரம் விழிக்கும். பிறகு, மதிப்பெண் போய்விடக் கூடாதே என்று நான்காவதைக் குறித்துவிட்டுப் போகும். அந்த வரியைத் திருத்துங்கள், அந்தக் கேள்வியை எடுத்துவிடுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

நான் விஞ்ஞானி இல்லை. பக்கங்களை அச்சுக்குத் தயார் செய்யும் வேலை பார்க்கிறேன். நாள் முழுக்கக் கருப்போடுதான் மல்லுக்கட்டு. எங்கள் தொழிலில் கருப்பு மை மட்டும் ஓடும் வேலைக்கு ‘சிங்கிள் கலர்’ என்று பெயர். முழு வண்ண வேலை என்றால் ‘நாலு கலர்’: சியான், மெஜந்தா, மஞ்சள், கருப்பு. “கருப்பு நிறம் அன்று” என்ற வரி இருக்கும் பக்கத்தைக்கூட ஒரு கலர் என்று எண்ணித்தான் அச்சுக்கு அனுப்புகிறீர்கள். சரி, இது கிண்டல்தான். அச்சகத்தில் அப்படி எண்ணுகிறார்கள் என்பதால் மட்டும் கருப்பு நிறமாகிவிடாது. உங்கள் வரியை உங்கள் இடத்திலேயே, அதாவது ஒளியிலும் கண்ணிலும் வைத்துப் பார்க்கலாம்.

முதலில் உங்கள் பக்கத்து நியாயம். நம் கண்ணுக்குத் தெரியும் ஒளி ஏறத்தாழ 380 முதல் 750 நானோமீட்டர் அலைநீளத்துக்குள் அடங்குகிறது. ஊதாவில் தொடங்கி சிவப்பில் முடியும் அந்த வரிசையில் கருப்புக்கு இடம் இல்லை. 1660களில் நியூட்டன் முப்பட்டகத்தை வைத்து வெயிலைப் பிரித்தபோதும் கருப்பு விழவில்லை. 1704இல் வெளியான அவருடைய ஒளியியல் நூலில் நிறங்களை ஒரு வட்டமாக அடுக்கி, நடுவில் வெள்ளையை வைத்தார். கருப்புக்கு அந்த வட்டத்தில் நாற்காலி போடவில்லை. கருப்பு ஒளி என்று ஒன்று கிடையாது, கருப்பு விளக்கு செய்ய முடியாது. இதிலெல்லாம் எனக்கு ஒரு சண்டையும் இல்லை.

ஆனால் அலைநீளம் இருந்தால்தான் நிறம் என்று விதி வைத்தால், அந்த விதியை எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரி வைக்க வேண்டும். மெஜந்தாவுக்குத் தனி அலைநீளம் கிடையாது. நிறமாலையின் இரண்டு முனைப் பக்கங்களிலும் இருக்கும் சிவப்பும் நீலமும் ஒன்றாகக் கண்ணில் விழுந்து, நடுவில் இருக்கும் பச்சை விழாமல் போனால் தெரிவது அது. இளஞ்சிவப்பும் நிறமாலையில் இல்லை. பழுப்பின் கதை இன்னும் வேடிக்கை. பழுப்பு விளக்கு யாராவது பார்த்திருக்கிறீர்களா? இருட்டறையில் தனியாக எரியும் ஆரஞ்சு விளக்கின் வெளிச்சத்தை எவ்வளவுதான் குறைத்தாலும் மங்கிய ஆரஞ்சாகத்தான் தெரியும். அதே மங்கிய ஆரஞ்சைச் சுற்றிப் பிரகாசமான வெள்ளையை வைத்தால் அந்த நொடியே பழுப்பாகிவிடும். அதிலிருந்து வரும் ஒளி கொஞ்சமும் மாறவில்லை, பக்கத்தில் இருப்பது மாறியிருக்கிறது, அவ்வளவுதான். இருந்தும் மெஜந்தாவையோ பழுப்பையோ “நிறம் அல்லாதது எது” பட்டியலில் நீங்கள் போட்டதில்லை. கருப்பு மட்டும் என்ன பாவம் செய்தது?

இன்னொன்று. கதிர்களுக்கு நிறம் இல்லை, ஒரு நிற உணர்வை எழுப்பும் ஆற்றல் மட்டுமே அவற்றுக்கு உண்டு என்று நியூட்டனே அதே நூலில் எழுதிவைத்திருக்கிறார். 650 நானோமீட்டர் ஒளிக்குள் சிவப்பு எதுவும் ஒட்டிக்கொண்டு வரவில்லை. சிவப்பு, பார்க்கிறவரிடம் உண்டாவது. நிறம் பார்வையில் இருக்கிறது என்றால், கருப்பு நிறமா என்ற கேள்வியை முப்பட்டகத்திடம் கேட்டுப் பயனில்லை, கண்ணிடம்தான் கேட்க வேண்டும்.

கண்ணிடம் போவதற்கு முன், “ஒளி இல்லாத நிலை” என்ற பாதியையும் கொஞ்சம் உரசிப் பார்த்துவிடலாம். ஒரு கரித்துண்டு தன்மேல் விழும் ஒளியில் ஏறக்குறைய 4 சதவீதத்தைத் திருப்பி அனுப்புகிறது. நல்ல வெள்ளைக் காகிதம் 80 சதவீதத்துக்கு மேல் அனுப்பும். இப்போது கரியை உச்சி வெயிலில் வையுங்கள், காகிதத்தை அறைக்குள் மேசைமேல் வையுங்கள். ஒரு பரப்பில் விழும் ஒளியை லக்ஸ் என்ற அலகில் அளப்பார்கள். நேர் வெயில் ஏறத்தாழ 1,00,000 லக்ஸ். நன்றாக விளக்கு போட்ட மேசையில் 500 லக்ஸ் இருந்தால் அதிகம். கணக்குப் போட்டால் வெயிலில் இருக்கும் கரியிலிருந்து வருவது 4,000 பங்கு, அறைக்குள் இருக்கும் காகிதத்திலிருந்து வருவது 400 பங்கு. கருப்புக் கரி, வெள்ளைக் காகிதத்தைப் போலப் பத்து மடங்கு ஒளியை நம் கண்ணுக்கு அனுப்புகிறது. ஆனாலும் கரி கருப்பாகவே இருக்கிறது, காகிதம் வெள்ளையாகவே இருக்கிறது. “ஒளி இல்லாத நிலை” என்று சொல்லிக்கொடுத்த பிள்ளைக்கு இதை எப்படி விளக்குவீர்கள்?

நிலாவும் இதற்குச் சாட்சி. தன்மேல் விழும் வெயிலில் சுமார் 12 சதவீதத்தைத்தான் அது திருப்பி அனுப்புகிறது. பழைய தார்ச்சாலையின் அளவுதான். அதையே இரவு வானத்தில் பார்த்துப் பால் போல வெள்ளை என்கிறோம். பக்கத்தில் அதைவிட வெளிச்சமான எதுவும் இல்லாததால் அப்படித் தெரிகிறது.

இதை ஆய்வுக்கூடத்துக்குள்ளேயே செய்து காட்டியவர் ஜெர்மன் உளவியலாளர் அடெமார் கெல்ப். 1929இல் வெளியான அவருடைய சோதனை எளிமையானது. இருட்டான அறையில் ஒரு கருப்பு வட்டத்தைத் தொங்கவிட்டு, அதன்மேல் மட்டும் விழும்படி மறைவிலிருந்து பலமான ஒளியைப் பாய்ச்சினார். பார்த்தவர்கள் கண்ணுக்கு அது வெள்ளை வட்டம். பிறகு அதே ஒளியில், வட்டத்தின் முன்னால் ஒரு சின்ன வெள்ளைக் காகிதத் துண்டை நீட்டினால் வட்டம் சட்டென்று கருப்பாகிவிடும். துண்டை எடுத்தால் மறுபடி வெள்ளை. நடந்த இரகசியத்தைத் தெரிந்துகொண்ட பிறகும் கண் ஏமாந்துகொண்டே இருக்கும். இந்தச் சோதனையில் வட்டத்தின்மேல் விழுந்த ஒளியை யாரும் குறைக்கவில்லை. பக்கத்தில் அதிக ஒளியுள்ள ஒரு பொருளைச் சேர்த்தார்கள், கருப்பு வந்தது.

திரையரங்கில் நாம் எல்லோரும் இதைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். திரை வெள்ளை. புரொஜெக்டரால் ஒளியைக் கூட்டத்தான் முடியும், திரையில் ஏற்கெனவே இருக்கும் வெளிச்சத்தை உறிஞ்ச முடியாது. அப்படியானால் கதாநாயகனின் கருங்கூந்தல் எங்கிருந்து வந்தது? வகுப்பறையில் புரொஜெக்டர் இருந்தால் இப்போதே செய்து பார்க்கலாம். விளக்கை முழுவதும் அணைக்காமல், புரொஜெக்டரைப் போடாமல் திரையைப் பாருங்கள்: லேசான சாம்பல் கலந்த வெள்ளை. இப்போது வெள்ளைப் பின்னணியில் கருப்பு எழுத்து உள்ள பக்கத்தைத் திரையில் விடுங்கள். எழுத்து விழுந்த இடத்தில் முன்பு இருந்த அதே வெளிச்சம்தான், இன்னும் சரியாகச் சொன்னால் கசியும் ஒளியால் அதைவிடக் கொஞ்சம் கூடுதல். ஆனால் முன்பு வெள்ளையாகத் தெரிந்த இடம் இப்போது கருப்பு. ஒளி கூடியிருக்கிறது, கருப்பும் கூடியிருக்கிறது. வெறும் ஒளியின்மைதான் கருப்பு என்றால் இது நடக்கவே கூடாது.

சரி, ஒளி அறவே இல்லாத இடத்துக்கே போவோம். நன்றாக இருட்டடித்த அறையில் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு சிறிது நேரம் உட்கார்ந்தால் தெரிவது அடர்ந்த கருப்பு அல்ல. ஒருவித மங்கலான சாம்பல், அதற்குள் புள்ளி புள்ளியாக ஏதோ நகர்வது போல இருக்கும். ஜெர்மன் மொழியில் இதற்கு ‘ஐகன்கிராவ்’ என்று பெயரே வைத்துவிட்டார்கள். ஒளியே இல்லாத அறையில் கிடைப்பது கருஞ்சாம்பல், நல்ல வெளிச்சத்தில் வெள்ளைக்குப் பக்கத்தில் கிடைப்பது தூய கருப்பு. உங்கள் வரி சொல்வதற்கு இது நேர் எதிராக அல்லவா இருக்கிறது?

அந்தச் சாம்பலைக்கூட விட்டுவிடலாம். பார்வையே இல்லாத இடத்தில் என்ன தெரிகிறது? உங்கள் தலைக்குப் பின்னால் இப்போது என்ன நிறம் தெரிகிறது என்று கேட்டால், கருப்பு என்று சொல்ல மாட்டீர்கள். எதுவும் தெரியவில்லை. அது கருப்புகூட இல்லை. இல்லாமைக்கும் கருப்புக்கும் உள்ள வித்தியாசம் அங்கேயே இருக்கிறது. இதைக் காகிதத்திலும் பார்க்கலாம், ஏனென்றால் ஒவ்வொரு கண்ணின் விழித்திரையிலும் பார்வை நரம்பு வெளியேறும் இடத்தில் ஒளியை வாங்கும் செல் ஒன்றுகூட இல்லை. குருட்டுப் புள்ளி என்று நீங்களே வேறொரு பாடத்தில் சொல்லிக்கொடுக்கிறீர்கள். ஒரு வெள்ளைத் தாளில் இடது பக்கம் ஒரு கூட்டல் குறி போடுங்கள். அதிலிருந்து 8 சென்டிமீட்டர் வலப்பக்கம் ஒரு சிறிய கருப்புப் புள்ளி வையுங்கள். இடது கண்ணை மூடிக்கொண்டு வலது கண்ணால் கூட்டல் குறியை மட்டும் பாருங்கள். தாளை முன்னும் பின்னும் மெதுவாக நகர்த்தினால், ஏறத்தாழ 30 சென்டிமீட்டர் தொலைவில் புள்ளி காணாமல் போகும்.

போன இடத்தில் என்ன இருக்கிறது? வெள்ளை. அந்த இடத்திலிருந்து கண்ணுக்கு ஒரு தகவலும் போகவில்லை, மூளை சுற்றியிருப்பதை வைத்து இட்டு நிரப்புகிறது. சிவப்புத் தாளில் செய்தால் சிவப்பால் நிரப்பும், கருப்புத் தாளில் வெள்ளைப் புள்ளி வைத்துச் செய்தால் கருப்பால் நிரப்பும். இதில் நான் கவனிக்கச் சொல்வது இதைத்தான்: தகவலே இல்லாத இடத்தில் கருப்பு தானாக வந்து உட்காரவில்லை. சிவப்பை எப்படிப் போட வேண்டியிருக்கிறதோ அப்படியே கருப்பையும் மூளை போட வேண்டியிருக்கிறது.

கண்ணுக்குள் நடப்பதைப் பார்த்தால் விஷயம் இன்னும் தெளிவாகும். விழித்திரையில் உள்ள கூம்பு செல்களும் குச்சி செல்களும் ஒளி பட்டால்தான் விழித்துக்கொள்ளும் என்று பலரும் நினைக்கிறோம். நடப்பது தலைகீழ். இருட்டில்தான் அவை ஓயாமல் வேதிப்பொருளைச் சுரந்து அடுத்த செல்லுக்கு அனுப்பிக்கொண்டிருக்கின்றன. ஒளி படும்போது அந்தச் சுரப்பு குறைகிறது. முதல் படியிலேயே இருட்டு என்பது சும்மா இருத்தல் அல்ல, வேலை.

அடுத்த படி அதைவிட முக்கியமானது. 1938இல் ஹார்ட்லைன் என்ற அமெரிக்க உடலியலாளர் தவளையின் பார்வை நரம்பு இழைகளை ஒவ்வொன்றாகப் பிரித்து அளந்தபோது, ஒளி பட்டால் துடிக்கும் இழைகளோடு, ஒளி நின்றால் மட்டும் துடிக்கும் இழைகளும் இருப்பதைக் கண்டார். பார்வை ஆய்வுக்காக அவருக்கு 1967இல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. 1953இல் குஃப்ளர் என்ற ஆய்வாளர் பூனையின் விழித்திரையில் இதை இன்னும் நுணுக்கமாகக் காட்டினார். ஒரு வகைச் செல், தன் நடுவில் ஒளி கூடினால் துடிக்கும். இன்னொரு வகை, நடுவில் ஒளி குறைந்து சுற்றிலும் ஒளி இருந்தால் துடிக்கும். நம் கண்ணிலும் இந்த இரண்டு வகையும் உண்டு. ஆன், ஆஃப் என்று அவற்றுக்குப் பெயர். இந்தப் பக்கத்தின் எழுத்துகளை நீங்கள் படித்துக்கொண்டிருக்கும்போது அவற்றின் கருப்பை மூளைக்குச் சொல்லிக்கொண்டிருப்பது அந்த ஆஃப் செல்கள். கருப்புக்கு வெறும் மௌனம் போதும் என்றால், அதற்கென்று தனியாக ஒரு கம்பி இழுத்து வைத்திருக்க வேண்டிய அவசியம் கண்ணுக்கு என்ன?

இந்தச் செல்களை யாரும் பார்ப்பதற்கு வெகுகாலம் முன்பே, 1870களில், எவால்ட் ஹெரிங் என்ற உடலியலாளர் நிற உணர்வை மூன்று சோடிகளாகப் பிரித்தார்: சிவப்பு–பச்சை, மஞ்சள்–நீலம், வெள்ளை–கருப்பு. நீலம் எப்படி மஞ்சளின் இல்லாமை அல்லவோ, அப்படியே கருப்பும் வெள்ளையின் இல்லாமை அல்ல, அதன் எதிரணி என்பது அவர் வாதம். அவருடைய காலத்தில் அதை ஏற்காதவர்கள் நிறையப் பேர். 1957இல் ஹர்விச், ஜேம்சன் என்ற உளவியலாளர் தம்பதியர் இந்தச் சோடிகளை எண்களால் அளந்து காட்டிய பிறகு நிலைமை மாறியது. ஹெரிங் சொன்ன எல்லாமே அப்படியே நிற்கவில்லை. மூளைக்குள் உண்மையில் நடப்பது அவருடைய மூன்று சோடிகளைவிடச் சிக்கலானது. ஆனால் கருப்பு ஒரு உணர்வு, உணர்வின்மை அல்ல என்ற பகுதி அசையாமல் நிற்கிறது.

இப்போது என் தொழிலுக்கு வருகிறேன். சியான், மெஜந்தா, மஞ்சள் மூன்றும் சேர்ந்தால் கருப்பு என்று பாடநூலில் மூன்று வட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்று படிந்த படம் இருக்கும். தாளில் அப்படி ஓட்டிப் பாருங்கள். வருவது சேற்றுப் பழுப்பு. உண்மையான மைகள் படத்தில் இருப்பது போல அவ்வளவு சுத்தமாக ஒளியை உறிஞ்சுவதில்லை. அதனால்தான் நான்காவது பிளேட்டாகக் கருப்பு. சின்ன எழுத்தை மூன்று மையில் ஓட்டினால் ரிஜிஸ்டர், அதாவது மைகள் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தி விழும் இடம், ஒரு மயிரிழை விலகினாலும் எழுத்தின் ஓரத்தில் வண்ண நிழல் விழும், படிக்க முடியாது. சரி, கருப்பு மை மட்டும் போதுமா? எழுத்துக்குப் போதும். முழுப்பக்கக் கருப்புக்குப் போதாது. 100 சதவீதம் கருப்பு ஓட்டினாலும் பெரிய பரப்பில் அது வெளிறித் தெரியும். அதன் அடியில் சியான் 60, மெஜந்தா 40, மஞ்சள் 40 என்று கொடுத்தால்தான் ஆழம் வரும். எங்களுக்குள் அது ‘ரிச் பிளாக்’. சியான் மட்டும் கொடுத்தால் குளிர்ந்த கருப்பு, மெஜந்தாவும் மஞ்சளும் தூக்கலாக இருந்தால் வெதுவெதுப்பான கருப்பு. இரண்டு கருப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் யாரும் சொல்லிவிடுவார்கள், இது வேறு அது வேறு என்று. ஒன்றுமில்லாமையில் எப்படி இத்தனை ரகம் வரும்?

ஓவியர்களிடம் கேட்டாலும் இதே கதை. அவர்களுடைய நிறமிகளுக்கான பன்னாட்டுக் குறியீட்டுப் பட்டியலில் கருப்புக்கு ஒரு தனி வரிசையே உண்டு: 7ஆம் எண் கார்பன் கருப்பு, 9 எலும்பைச் சுட்டு எடுக்கும் கருப்பு, 11 இரும்பு ஆக்சைடு கருப்பு. வெள்ளையோடு கலந்தால் ஒன்று நீலச் சாம்பலாகும், இன்னொன்று பழுப்பு பக்கம் சாயும். எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது மஞ்சள். நல்ல மஞ்சள் வண்ணத்தில் துளித்துளியாகக் கருப்பைச் சேர்த்துக்கொண்டே போங்கள். மங்கிய மஞ்சள் வரும் என்றுதானே எதிர்பார்ப்போம்? வருவது ஆலிவ் பச்சை. இலை ஓவியம் வரைபவர்கள் பச்சை டியூபைத் திறக்காமலே இப்படி ஒரு பச்சையை எடுத்துவிடுவார்கள். உங்கள் செய்முறைப் பயிற்சியில் சேர்ப்பதற்கு இதைவிட எளிதான ஒன்று கிடைக்காது.

இந்தத் தகராறு ஒன்றும் புதிதல்ல. வெள்ளையும் கருப்பும் நிறங்களாகா என்று தத்துவவாதிகள் சொல்கிறார்கள், ஆனால் அவை இரண்டும் இல்லாமல் ஓவியனுக்கு வேலை நடக்காது என்று சொல்லி, இரண்டையும் தன் அடிப்படை நிறப்பட்டியலில் சேர்த்துக்கொண்டவர் லியனார்டோ டாவின்சி. ஐந்நூறு ஆண்டுகளாக அதே இரண்டு கட்சிகள். 1969இல் பிரென்ட் பெர்லின், பால் கே என்ற இரண்டு ஆய்வாளர்கள் பல மொழிகளின் நிறச்சொற்களை ஒப்பிட்டபோது, எந்த மொழியிலும் முதலில் பிரிவது இருண்டதும் வெளிறியதும்தான், அடுத்து வருவது சிவப்பு என்று சொன்னார்கள். அவர்கள் கருத்துக்குப் பின்னாளில் திருத்தங்கள் வந்தன, அதனால் அதை நான் பெரிய ஆதாரமாகத் தூக்கிப் பிடிக்கவில்லை.

நீங்கள் என்ன பதில் சொல்வீர்கள் என்று ஊகிக்க முடிகிறது. “கருப்புக்குச் சாயல் இல்லை, சிவப்பு, பச்சை மாதிரி அது ஒரு வண்ணம் ஆகாது” என்பீர்கள். சாயல், அதாவது சிவப்பா பச்சையா நீலமா என்று சொல்லும் குணம், இல்லை என்பது சரி. கருப்பு, சாம்பல், வெள்ளை மூன்றுக்கும் சாயல் கிடையாது. அதைச் சொல்லுங்கள், நன்றாகச் சொல்லுங்கள். ஆனால் சாயல் என்பது நிறத்தின் ஒரு குணம், நிறம் முழுவதும் அல்ல. ஒரு நிறத்தைக் குறிக்க மூன்று குணம் வேண்டும்: என்ன சாயல், எவ்வளவு செறிவு, எவ்வளவு வெளிச்சம். செறிவு சுழியமானால் சாயலுக்கு வேலை இல்லை, வெளிச்ச அளவு மட்டும் மிஞ்சும். நிறங்களை அளப்பதற்கென்றே 1976இல் வகுத்த அளவுமுறையில் கருப்பு சுழியம், வெள்ளை 100. சுழியமும் ஓர் அளவுதான், அந்த அளவுகோலை விட்டு வெளியே நிற்கவில்லை.

அந்த அளவுமுறையை வகுத்தது சிஐஇ, அதாவது பன்னாட்டு ஒளியூட்டல் ஆணையம். 1913 முதல் இருக்கும் அமைப்பு. அதன் கலைச்சொல் தொகுப்பில் நிறம் என்பதற்குக் கொடுத்திருக்கும் வரையறையிலேயே, சாயல் உள்ள நிறங்களுக்கு எடுத்துக்காட்டாக மஞ்சள், சிவப்பு போன்றவற்றையும், சாயல் இல்லாத நிறங்களுக்கு எடுத்துக்காட்டாக வெள்ளை, சாம்பல், கருப்பு ஆகியவற்றையும் சொல்கிறது. நிறத்தை அளக்கும் முறையை வகுத்த அமைப்பே கருப்பை நிறம் என்கிறது. வகுப்பறை மட்டும் இல்லை என்று ஏன் சாதிக்க வேண்டும்?

“பிள்ளைகளுக்கு எளிமையாகச் சொல்ல வேண்டாமா?” என்று இன்னொரு பதில் வரலாம். வேண்டும்தான். ஆனால் இந்த எளிமைப்படுத்தல் பின்னால் வந்து காலைப் பிடிக்கிறது. மேல் வகுப்பில் கரும்பொருள் வருகிறது, 1860இல் கிர்ஹோஃப் வைத்த பெயர். தன்மேல் விழும் எல்லாக் கதிரையும் உறிஞ்சும் பொருள் அது. அப்புறம் சூரியனே ஏறக்குறைய ஒரு கரும்பொருள்தான் என்று அதே புத்தகம் சொல்லும். கருப்பு என்றால் ஒளி இல்லாமை என்று மனப்பாடம் செய்த பிள்ளை அங்கே திகைத்து நிற்கும். 2014இல் அறிமுகமான வேண்டாபிளாக் பூச்சு 99.965 சதவீத ஒளியை உறிஞ்சுகிறது, அப்போதும் மிச்சம் கொஞ்சம் திரும்பி வருகிறது. “ஒளி இல்லாத நிலை” என்று எழுதும் பேனாவின் மையிலிருந்தோ அதைப் போலப் பல மடங்கு ஒளி திரும்பி வரும்.

பிள்ளைக்கு இரண்டு விஷயத்தைப் பிரித்துச் சொன்னால் போதும். ஒளிக்கதிர்களில் கருப்பு இல்லை. நாம் காணும் நிறங்களில் கருப்பு உண்டு. பத்து வயதுப் பிள்ளைக்கு இது புரியாது என்றால், “கருப்பு நிறம் அன்று” என்பது மட்டும் எப்படிப் புரிகிறது? அதுவும் புரிவதில்லை, நம்பச் சொல்கிறோம்.

ஆகவே என் கோரிக்கை. அந்த வரிக்குப் பதிலாக இப்படி இருக்கலாம்: “ஒரு பொருள் தன்மேல் விழும் ஒளியின் பெரும்பகுதியை உறிஞ்சிக்கொண்டு, சுற்றியுள்ளவற்றைவிட மிகக் குறைவாகத் திருப்பி அனுப்பும்போது அது நமக்குக் கருப்பாகத் தெரிகிறது. நிறமாலையில் கருப்பு என்ற ஒளி இல்லை. வெள்ளை, சாம்பல், கருப்பு ஆகியவை சாயல் இல்லாத நிறங்கள்.” இதைவிட நன்றாக உங்களுக்கு எழுத வரும், எழுதுங்கள். கேள்வியை “பின்வருவனவற்றுள் நிறமாலையில் இல்லாதது எது?” என்று மாற்றிவிட்டால் விடைக்குறிப்பைக்கூடத் திருத்த வேண்டாம், அதே நான்காவது விடைதான். ஆனால் விடைகளில் மெஜந்தாவைத் தவறிப்போய் நுழைத்துவிடாதீர்கள். செய்முறைப் பகுதியில் குருட்டுப் புள்ளியையோ புரொஜெக்டரையோ மஞ்சளும் கருப்பும் கலப்பதையோ ஏதாவது ஒன்றைச் சேர்க்கலாம்.

இதற்கிடையில் “நான்கும் நிறமே” என்று எழுதிவைத்த பிள்ளைகளின் விடைத்தாள் கையில் கிடைத்தால் மதிப்பெண் கொடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
பக்கங்களை அச்சுக்கு அனுப்புபவன்

பி.கு.: நான் சொன்ன மாற்று வரிகள் பழையதைவிட நான்கைந்து வரி நீளும். பக்கம் தள்ளிப்போகும் என்று கவலைப்பட வேண்டாம். மூன்று வட்டப் படத்தைக் கொஞ்சம் சின்னதாக்கினால் அதே பக்கத்தில் அடங்கிவிடும். அந்தப் படத்தின் நடுவில் இருக்கும் கருப்பையும் நாங்கள் கருப்பு மையில்தான் ஓட்டுகிறோம்.